மூன்றாம் படிக்காரன் எழுதிய ஒன்பதாம் படி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு கோபத்தில் கிடைத்தது.

நான் இருபது வருடமாகக் குடியிருக்கும் மார்சேயில், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, கொத்தர் சபைக்காரர்களின் கட்டடம் இருக்கிறது. பிரீமேசன் என்கிறார்களே, அவர்கள்தான். வருடத்துக்கு ஒருமுறை வெளியாட்களையும் உள்ளே விட்டு ஓர் உரை வைப்பார்கள். போன வருடத்துத் தலைப்பு ‘உயர்படிகளின் தோற்றமும் அமைப்பும்’. பேச்சாளர் ஒன்றரை மணி நேரம் பேசினார். முதலில் மூன்றே படிகள்தான், இங்கிலாந்திலிருந்து வந்தவை: பயிலாள், தொழிலாள், மேஸ்திரி. அதோடு வீடு முடிந்தது. அப்புறம் பிரெஞ்சுக்காரர்கள் அதன்மேல் மாடி எழுப்ப ஆரம்பித்தார்கள். நாலு, ஏழு, இருபத்தைந்து, முப்பத்து மூன்று. யாரிடமிருந்து யார் பெற்றார் என்று சுவர் நிறைய அம்புக்குறிகள். எல்லா அம்பும் பின்னால் போய்ப் போய்க் கடைசியில் ஒரு கேள்விக்குறியில் முட்டி நின்றது.

நான் கையைத் தூக்கினேன். “அந்தக் கேள்விக்குறி இருக்குற இடத்துல ஒரு ஆளு உக்காந்து எழுதியிருக்கணுமே, அவரு யாரு?”

“ஆதாரம் இல்லை. அடுத்த கேள்வி” என்றார் பேச்சாளர். அடுத்த கேள்வி, மதுவும் பண்டமும் எந்த அறையில் என்பது.

இருக்கட்டும். ஆதாரம் இல்லாத இடத்தில்தான் எனக்குப் பிழைப்பு. அந்த ஆளை நான் செய்துவிட்டேன். அவன் சபையையும் நானே கட்டினேன், பெயர் ‘மூன்று ஆலிவ்’. காப்பகத்தில் தேடி அலையாதீர்கள், அப்படி ஒரு சபை இந்த ஊரில் இருந்ததில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘1766. மார்சேய் துறைமுகத்தை மூடுபனி மெல்ல மெல்ல...’

(வேண்டாம். இந்த ஊரில் மூடுபனி எங்கே வந்தது? காற்றுதான் அடிக்கும், மண்டை வலிக்க வலிக்க அடிக்கும்.)

இரண்டாம் முயற்சி: ‘மரணப் படுக்கையில் கிடந்த எல்ஸியார் ரெபூலுக்கு, அந்தப் பழைய நாள்...’

(போதும். என் ஆள் நன்றாக இருக்கட்டும்.)

மூன்றாம் முயற்சி:

“நம்மகிட்ட மூணுதான்யா இருக்கு” என்றார் பல்தசார் கான்தெல்.

இது நிற்கும். கான்தெல் சோப்பு ஆலை முதலாளி, மூன்று ஆலிவ் சபையின் தலைவர். எதிரே, கொதிக்கும் சோப்புக் கொப்பரையின் ஆவியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றவன் எல்ஸியார். நாற்பது வயது. பத்திரம் எழுதும் நொத்தாரிடம் கூலிக்கு எழுத்தர். சபையில் மேஸ்திரி, அதாவது மூன்றாம் படி. கையெழுத்து அழகாக இருந்ததால் சபைச் செயலாளரும் ஆக்கிவிட்டார்கள்.*

“பக்கத்து ஊரு துலோன்காரனுங்க ஏழு வச்சிருக்கானுங்க. நம்ம சர்க்கரை ஆலைக்காரங்க ரெண்டு பேரு அங்க ஓடிட்டாங்க. ஏன்யான்னு கேட்டா, இங்க ஏற வேண்டியதெல்லாம் ஏறியாச்சாம்!”

“அதுக்கு நான் என்னங்க செய்யணும்?”

“எழுது.”

“எத்தனை?”

“ஒன்பதாக்கு. அவனுங்க மூஞ்சிக்கு மேல ரெண்டு படி இருக்கட்டும். ஆனா நீ எழுதுனதா இருக்கக் கூடாது. எங்கிருந்தாவது வரணும்.”

“ஸ்காட்லாந்து?”

“தூரமா?”

“ரொம்பத் தூரம். போய்ப் பாத்துட்டு யாரும் வர மாட்டாங்க.”

“அப்ப அதான்.”

எல்ஸியார் இருபது வருடமாக அடுத்தவர்களின் உயிலையும் கிரயப் பத்திரத்தையும் எழுதியவன். அதில் ஒரு வார்த்தைகூட அவனுடையதில்லை. இன்றைக்கு ஒருத்தர் கற்பனை செய் என்று சொல்லிவிட்டார். சந்தோஷம் தாளாமல், காற்றில் தொப்பி பறந்ததைக்கூடக் கவனிக்காமல் வீட்டுக்குப் போனான்.

*சபையில் உண்மையான கொத்தனார் ஒருத்தர்கூடக் கிடையாது. கரணையைக் கையில் பிடிப்பது விழாவுக்கு மட்டும், அதுவும் வெள்ளிக் கரணை.

3

ஆளைக் கொஞ்சம் பாராட்ட வேண்டும். தொழில் தெரிந்தவன்.

வால்நட் தோலை ஊறவைத்த தண்ணீரில் தாளை முக்கிக் காயவைத்து, முந்நூறு வருடம் ஏற்றினான். ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் கான்தெலுக்கு ஒன்பது படிகளையும் கடிதம் மூலமாகவே அருளினார்கள். நாலு முதல் ஆறு வரை ஒரு மன்றம், ஏழும் எட்டும் ஒரு பேரவை, ஒன்பது தனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறப் பட்டை. அப்புறம் விதிகள். அவற்றில் மூன்று இந்தக் கதைக்கு வேண்டும்.

ஒன்று: ‘ஒரு படியை ஏற்றவரன்றி வேறெவரும் அதைக் காணவும் கேட்கவும் ஒண்ணாது.’ இது இல்லாமல் ரகசியச் சபை ஏது?

இரண்டு: ‘ஒவ்வொரு படியின் ஏடும் முத்திரையிடப்பட்டு வரும். ஏற்பவர் கண்ணெதிரே மட்டுமே உடைக்கப்படும். முன்கூட்டி எவரும் வாசியார்.’ காரணம் புனிதம் இல்லை. எல்ஸியார் எதையும் கடைசி நாளில்தான் முடிப்பான்.

மூன்று: ‘பிறர் பொருட்டுக் கூலிக்கு உழைப்பவர் நான்காம் படியில் கால் வையார்.’ இது முதலாளிகளைக் குளிர வைக்க. நன்றாகவே குளிர்ந்தார்கள்.

அவன் மனைவி மதலோன் கொண்டைக்கடலை சூப்பைக் கிண்டிக்கொண்டே கேட்டாள். “அப்ப நீங்க?”

“நான் என்ன?”

“நீங்க கூலிக்குத்தானே எழுதுறீங்க?”

கரண்டி நின்றது. எழுதும்போது அது தன்னைப் பற்றிய விதி என்று அவனுக்கு உறைக்கவே இல்லை. (சிரிக்காதீர்கள். எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான் இது.)

மறுநாள் சோப்பு ஆலைக்கு ஓடினான். கான்தெல் தலையை ஆட்டினார். “விதி விதிதான் சகோதரரே. ஸ்காட்லாந்துல இருந்து வந்ததை நாம மாத்தலாமா?”

“ஐயா, அதை எழுதுனதே...”

“மாத்தலாமா?”

அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. எல்ஸியார் அதைப் பார்த்துத்தான் பயந்தான்.

ஆக, நாலாம் படி தொடங்கியதிலிருந்து அவன் முத்திரை வைத்த ஏட்டைக் கொண்டுவந்து வாசலில் கொடுப்பான். உள்ளே கதவு சாத்தப்படும். அவன் வீட்டுக்குப் போவான்.

4

இங்கே எனக்கு எல்ஸியார்மேல் சந்தேகம் வந்துவிட்டது. இதுவரை கொஞ்சம் அசடாக, பிடித்த மாதிரி இருந்தான். இனிமேல் செய்யப்போவது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் எழுதாமல் இருந்து பார்த்தேன். பிறகு, அவன் செய்துதான் ஆக வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

அவன் எழுதிய நாலாம் படியில் மண்டை ஓடு இருந்தது, கறுப்புத் துணி இருந்தது, உயிர் இல்லை. உள்ளே எல்லோரும் கொட்டாவி விட்டார்கள் என்று செய்தி வந்தது. அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

மதலோனுக்கு ஓர் அண்ணன், பெயர் துசேன். சொந்தக் கயிற்றுப் பட்டறை வைத்திருந்தவர், மனைவியை இழந்தவர். அவருடைய ஒரே மகன் மித்ரே, வாழ்நாள் முழுக்க அப்பாவைப் போலப் பின்னோக்கி நடந்து நடந்து கயிறு திரிக்க முடியாது என்று சண்டை போட்டுவிட்டு, துருக்கிக் கரையிலிருக்கும் ஸ்மிர்னாவுக்குப் போகும் கப்பலில் ஏறினான். கோபத்தில் துசேன் துறைக்குப் போகவில்லை. எல்ஸியார்தான் போய் வழியனுப்பினான். கப்பல் திரும்பவில்லை. பத்தொன்பது வயது. துறைக்குப் போகாததைத் துசேன் வாழ்க்கையில் ஒரே ஒருவரிடம்தான் சொல்லி அழுதிருந்தார், அது எல்ஸியாரிடம்.

எல்ஸியார் அதை எடுத்துக்கொண்டான்.

ஐந்தாம் படியிலிருந்து அவன் கதை இப்படிப் போனது. பைபிளில் வரும் பழைய கோயிலைக் கட்டிய பெருமேஸ்திரிக்கு ஒரு மகன். தேவதாரு மரம் கொண்டுவரக் கடலில் போனவன் திரும்பவில்லை. படி ஏறுபவர்தான் தந்தை. அவர் ஒவ்வொரு படியிலும் மகனைத் தேடுகிறார். ஆறாம் படியில் தலைவர் வாளை நீட்டிக் கேட்பார்: ‘நீ ஏன் துறைக்குப் போகவில்லை?’

உள்ளே யாரும் கொட்டாவி விடவில்லை. சர்க்கரை ஆலைக்காரர்கள் துலோனிலிருந்து திரும்பி வந்துவிட்டார்கள்.

துசேனும் அதே சபைக்காரர்தான், பட்டறை முதலாளி என்பதால் ஏறத் தகுதியும் உண்டு. ஏறமாட்டார் என்று எல்ஸியார் நினைத்திருந்தான். ஏறினார். ஆறாம் படி முடிந்த சாயங்காலம், சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குள் வந்து நின்றார்.

“மாப்ள, சத்தியத்தை மீறித்தான் சொல்றேன். முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி எழுதுனதாம். அதுல நான் இருக்கேன்.”

“மச்சான், உக்காருங்க...”

“துறைக்குப் போகாதது அவங்களுக்கு எப்படித் தெரியும்? சொல்லு! ஒன்பதாம் படியில மகனைத் தகப்பன்கிட்ட ஒப்படைப்பாங்கன்னு அதுலயே போட்டிருக்கு. மேல யாரோ எல்லாம் தெரிஞ்சவங்க இருக்காங்க மாப்ள. என் புள்ள எங்க இருக்கான்னு அவங்களுக்குத் தெரியும்.”

எல்ஸியார் அவருக்குக் கொஞ்சம் மது ஊற்றிக் கொடுத்தான். அதற்கு மேல் அன்றைக்கு அவன் ஒன்றும் செய்யவில்லை.

5, 6, 7

உண்மையான சபைகளில் நடுப்படிகள் பலவற்றைச் சடங்கே இல்லாமல் பெயரை மட்டும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நேரம் யாருக்கு இருக்கிறது? அந்த வழக்கத்தை நானும் எடுத்துக்கொள்கிறேன்.

ஐந்து, கப்பல் பலகையின் படி. ஆறு, துறைமுகக் கேள்வியின் படி (பார்த்தாயிற்று). ஏழு, உப்புக் காற்றின் படி. கொடுத்தேன், பெற்றுக்கொண்டீர்கள். எழுந்திருங்கள்.

8

மறு வருடம் துசேன் எட்டைத் தாண்டினார். சபையில் சடங்கோடு ஒன்பதை ஏற்கும் முதல் ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். டிசம்பர் 27, யோவான் திருநாள், பிற்பகல் மூன்று மணி.

“மித்ரே கட்டிலுக்கு அண்ணன் புது மெத்தை தைக்கச் சொல்லியிருக்கான்” என்றாள் மதலோன். “எதுக்குண்ணேன்னு கேட்டேன். யோவான் திருநாள் கழிஞ்சா வேணும்கிறான். பாதிரியாரு பையனுக்கு ஆத்துமப் பூசை வைக்கலாம்னாரு, அவரையே அடிக்கப் போயிட்டான்.”

எல்ஸியார் மேசைமேலிருந்த தாள்களை அடுக்கினான்.

“எழுதிவச்ச தாளை எல்லாம் நான் பாத்துட்டேன். படிக்க வராதுன்னு நெனச்சீங்களா? எங்க வீட்டு எழவை எடுத்துக் கூத்து கட்டியிருக்கீங்க. போய்ச் சொல்லுங்க. இன்னைக்கே.”

போனான். கயிற்றுப் பட்டறை என்றால் நீளமான ஒரு நடைபாதைதான். ஒரு முனையில் சக்கரம் சுற்றும். துசேன் இடுப்பில் சணல் நாரைச் சுற்றிக்கொண்டு, அதை விரல்களால் விட்டு விட்டுப் பின்னோக்கி நடந்துகொண்டே போவார். எல்ஸியார் பேசப் பேச அவர் விலகிப் போய்க்கொண்டிருந்தார். இவன் எதிரே நடந்து பின்தொடர வேண்டியிருந்தது.

“மச்சான், நில்லுங்களேன்.”

“நின்னா முறுக்கு போயிரும். சொல்லு.”

“அந்தப் படி எல்லாம்... ஸ்காட்லாந்து கீட்லாந்து ஒண்ணும் கிடையாது. நான் எழுதுனது.”

“எது?”

“எல்லாமே. துறைக்குப் போகலைன்னு நீங்க என்கிட்டதானே சொன்னீங்க. அதை வச்சு நான்...”

துசேன் சிரித்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் அப்படிச் சிரிப்பதை அன்றுதான் எல்ஸியார் பார்த்தான். “நீயா? நீ எழுதுன என் கிரயப் பத்திரத்தை இன்னும் ரெண்டாம் பக்கம் தாண்டல மாப்ள, தூக்கம் வந்துருது. பொறாமைப்படாத. நீ ஏற முடியலைன்னு எனக்கும் வருத்தம்தான்.”

“சத்தியமா மச்சான்! அந்தப் பழுப்புத் தாளு வால்நட் தோலு!”

“போ, போய்ச் சாப்பிடு. மதலோன் உன்னைப் பட்டினி போடுறாளா?”

சொல்லிக்கொண்டே பாதையின் மறுமுனைக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் எல்ஸியாருக்கு விளங்கியது. வெளியில் சொன்னால் இந்த மனிதர் நம்பமாட்டார். அவர் நம்புகிற இடம் ஒன்றே ஒன்று, ஒன்பதாம் படி. அது இன்னும் எழுதப்படவில்லை.

9

எழுத உட்கார்ந்தான். நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதல் வரைவு கான்தெலுடையது. “ஸ்காட்லாந்துல இருந்து வர்றதுல, கடைசியில ஒரு வாலிபன் வெள்ளை உடுத்தித் திரைக்குப் பின்னால இருந்து வந்தா நல்லா இருக்கும்னு எனக்குத் தோணுது. அவங்களுக்கும் தோணியிருக்கலாம். நம்ம ஆலையில உயரமா ஒரு பய இருக்கான்.” துசேன் ஒரு சோப்புத் தொழிலாளியைக் கட்டிப்பிடித்துக் கதறுவதை எல்ஸியார் நினைத்துப் பார்த்தான். தாளைக் கிழித்தான்.

இரண்டாம் வரைவில் வானம், ஒளி, அழியாத ஆத்மா, ஒரு ரகசியச் சொல். அழகாகத்தான் இருந்தது. படித்தால் தூக்கம் வந்தது.

மூன்றாம் வரைவைப் பழுப்புத் தாளில் எழுதவில்லை. வெள்ளைத் தாளில், தன் சொந்தக் கையெழுத்தில் எழுதினான்:

‘துசேன், மித்ரே கடலில் இறந்துவிட்டான். அவன் வரமாட்டான். இந்தப் படிகளை எழுதியவன் உங்கள் தங்கை புருஷன் எல்ஸியார். நீங்கள் அழுததைத் திருடி எழுதினான். இதற்கு மேல் படி எதுவும் இல்லை. அவனுக்காகப் பூசை வையுங்கள். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். துறையில் அவன் உங்களைத் தேடித் திரும்பித் திரும்பிப்’

அங்கே நிறுத்தினான். அவன் துறையில் இருந்தவன். பையன் திரும்பிப் பார்க்கவில்லை, துள்ளிக்கொண்டு ஏறிப் போனான். ஒரு வரி பொய் எழுதினால் ஒரு தகப்பன் நிம்மதியாகத் தூங்குவான். பேனாவை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தானோ. கடைசியில் அந்த வரியை அடித்தான்.

(நானாக இருந்தால் அடித்திருக்க மாட்டேன். இந்த ஓரிடத்தில் அவன் என்னைவிட நல்ல எழுத்தாளன்.)

ஏட்டுக்கு முத்திரை வைத்தான். கான்தெல் விதியை மீறி முன்னதாக உடைக்கமாட்டார், அவர்தான் ஸ்காட்லாந்தை நம்ப ஆரம்பித்துவிட்டாரே. துசேனின் கண்ணெதிரே உடைத்து, முதல்முறையாகப் பார்ப்பார். பிறகு வாசிக்கலாம், வாசிக்காமலும் போகலாம்.

யோவான் திருநாள் அன்று வடகாற்று சன்னல்களை உலுக்கியது. உள்ளே கறுப்புத் துணியால் எல்லாவற்றையும் மூடியிருந்தார்கள். துசேன் புதுச் சட்டை போட்டு, முகம் மழித்து வந்தார். மகன் வரப்போகிற வீட்டுக்காரரைப் போல, எதிர்ப்பட்ட எல்லோரிடமும் நலம் விசாரித்தார். எல்ஸியார் ஏட்டை வாசலில் கொடுத்தான். வாளோடு நின்ற வாயிற்காவலர் கையை நீட்டி மறித்தார்.

“மூணாம் படி வெளிய நிக்கட்டும்.”

இந்த முறை அவன் வீட்டுக்குப் போகவில்லை. சுவரோடு சாய்ந்து நின்றான். மூன்று தட்டு கேட்டது. கான்தெலின் கனத்த குரல் கேட்டது. மெழுகு முத்திரை உடையும் சத்தமும் கேட்ட மாதிரி இருந்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை. ரொம்ப நேரத்துக்கு ஒன்றுமே இல்லை.

வாசகரே, நீங்கள் இப்போது என்னைப் பார்க்கிறீர்கள். உள்ளே போய்ப் பார்த்துச் சொல் என்கிறீர்கள். முடியாது. எல்ஸியாரின் தோளுக்குப் பின்னாலேயே வருவேன் என்று முதலிலேயே, உங்களிடம் சொல்லாமல், எனக்கு நானே விதி போட்டுக்கொண்டேன். தவிர, நானும் கூலிக்கு எழுதுபவன்தான்.

சில சாத்தியங்களைச் சொல்கிறேன். கான்தெல் முழுவதையும் வாசித்திருக்கலாம். வெளியே வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது, எல்ஸியாரை நிமிர்ந்து பார்க்காமல் படியிறங்கினார். அல்லது முதல் இரண்டு வரியோடு நிறுத்தி, மீதியைச் சபையின் மானத்துக்காக விழுங்கியிருக்கலாம். தாள் கருகிய வாடை வாசல்வரை வந்தது. அல்லது ஒரு வரிகூட வாசிக்காமல், அந்த உயரமான பயலை... பக்கவாட்டுக் கதவு ஒன்று திறந்து கிடந்ததை எல்ஸியார் பார்த்தான். அது காற்றில்கூடத் திறந்திருக்கலாம்.

கடைசியாகத் துசேன் வந்தார். கண்கள் வீங்கியிருந்தன. வந்து எல்ஸியாரின் எதிரில் நின்றார்.

“மச்சான்” என்றான் எல்ஸியார். “உள்ள என்ன வாசிச்சாங்க?”

துசேன் இரண்டு கையாலும் அவனை இழுத்து இறுகக் கட்டிக்கொண்டார். எலும்பு நொறுங்குகிற மாதிரியான பிடி. அடிக்கிற பிடியா அணைக்கிற பிடியா என்று அவனுக்குத் தெரியவில்லை.

“நீ மூணாம் படி, மாப்ள” என்றார் அவன் காதருகே. “உன்கிட்ட சொல்லக் கூடாது.”

அதற்கப்புறம் பதினாலு வருடம் இருவரும் உயிரோடு இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். துசேன் ஒருபோதும் சொல்லவில்லை. எல்ஸியார் ஒவ்வொரு ஞாயிறும் கேட்க வாயெடுத்து, ரொட்டியை எடுத்துக்கொண்டான். தான் மன்னிக்கப்பட்டவனா, இன்னும் கண்டுபிடிக்கப்படாதவனா என்று அவனுக்குக் கடைசிவரை தெரியாது. தான் எழுதியதில் அவன் வாசிக்க முடியாமல் போன ஒரே பக்கம், இன்னொரு மனிதர் அதை எப்படிக் கேட்டார் என்பது.

நான் இதற்கு மேல் வரமுடியாது. உங்களை யாரும் மறிக்கவில்லை. கதவு அதோ, கான்தெல் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், துசேன் முழங்காலிட்டுக் காத்திருக்கிறார். போய், என்ன வாசிக்கப்பட்டது என்று கேளுங்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்ததும் நான் உங்களைக் கேட்பேன், கெஞ்சிக்கூடக் கேட்பேன். சொல்லாதீர்கள்.